புதுச்சேரியில் ஒரு நாள்: உறவுக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எங்கள் வீடு நெல்லித்தோப்பில், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே. மதுரைச் சித்தி மகளிலிருந்து கோவைச் சம்பந்தி வீடு வரை யார் பாண்டிக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான். கேட்பதும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் வந்து ராத்திரி திரும்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. தங்குகிறவர்களுக்கு அவசரமில்லை, அவர்கள் வீட்டுக்கே வந்து கேட்கலாம்.

அக்கா, ஒரு நாள் போதுமா? ரூம் போடணுமா?

ஊருக்குள் மட்டும் சுற்றுவதென்றால் போதும். பழைய பட்டணம் நாலு சாலைக்குள் அடங்கிவிடும். கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. இதற்குள் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் சாவகாசமாக நடந்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்.

ஆரோவில், சுண்ணாம்பாறு படகு, பாரடைஸ் பீச், அரிக்கமேடு, வில்லியனூர் கோயில் என்று பட்டியல் நீட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் சாயங்காலம் களைத்துப்போய், "பாண்டியில ஒண்ணும் இல்லக்கா" என்கிறார்கள். அவர்கள் பார்த்தது கார் கண்ணாடி வழியே கடலூர் ரோட்டையும் ஈசிஆரையும்தான்.

ட்ரெயின்ல வர்றதா, பஸ்ல வர்றதா?

சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் பஸ்தான் வசதி. திருச்சி, மதுரைப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 முதலே ரயில் பாதை உண்டு. ஆனால் வண்டிகள் குறைவு, நேரம் ஒத்து வந்தால் மட்டும் ஏறுங்கள்.

கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக வருகிறவர்கள் விழுப்புரம் வரை போய்ச் சுற்ற வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்குங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது, பாண்டி பஸ் அடிக்கடி கிளம்பும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேர் ரயில் பாதை கிடையாது. மேப்பில் இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு ட்ரெயின் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எந்தக் கிழமை வந்தா நல்லா இருக்கும்?

செவ்வாய் முதல் வியாழன் வரை. சனி, ஞாயிறு சென்னைக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் சேர்ந்துவிடும், கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. திங்கள்கிழமை அருங்காட்சியகம் லீவு. சண்டே மார்க்கெட்டுக்காகவே வருகிறீர்கள் என்றால் ஞாயிறு வாருங்கள், கூட்டத்தைப் பற்றி அப்புறம் குறை சொல்லக்கூடாது.

ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர தினத்தோடு அரவிந்தர் பிறந்த நாளும் வருவதால் ஆசிரமத்தில் வரிசை தெருவைச் சுற்றி நிற்கும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். ஊர் பார்க்க அது தோதான நாள் இல்லை, சாமி பார்க்க அதைவிட நல்ல நாளும் இல்லை.

பஸ்ஸ விட்டு இறங்கினதும் முதல்ல எங்க போகணும்?

எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆறு, ஆறரைக்குள் வந்துவிட்டால் டீ குடித்த கையோடு நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். காலையில் நடப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், ஹாரன் சத்தம் இருக்காது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. எதிரே 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

எட்டு மணிக்கு மேல் வந்தால் கடற்கரையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, டிஃபனை முடித்துக் கோயில் பக்கம் நடங்கள். காலைப் பத்து மணிக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் நின்றால் கால் சுடும்.

காலை டிஃபன் எங்கக்கா? அந்தப் பெரிய கஃபேல எல்லாம் விலை எப்படி?

நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. தொழிலாளர் கூட்டுறவு நடத்துகிற பழைய இடம். காபியும் ஆம்லெட்டும் தோசையும் நியாயமான விலையில் கிடைக்கும், அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள். பொங்கல், வடைதான் வேண்டும் என்றால் மிஷன் வீதி, காந்தி வீதியில் சைவ ஓட்டல்கள் வரிசையாக உண்டு.

கடலோரக் கஃபேக்களில் காபிக்குக் கொடுக்கிற காசில் பாதி மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூ நிழலுக்கும் போகிறது. தெரிந்தே ஒரு தடவை கொடுக்கலாம், மூன்று வேளையும் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு பேக்கரியில் காலைச் சூட்டில் நீள ரொட்டி ஒன்று வாங்கிப் பிய்த்துத் தின்னுங்கள். மேல் தோல் நொறுங்க வேண்டும், உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதில் எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் விடாமல் பிடித்துக்கொண்டது அந்த ரொட்டியைத்தான். மத்தியானத்துக்கு மேல் வாங்கினால் அது சவசவத்துப் போயிருக்கும்.

ஏனுங்க அக்கா, வொயிட் டவுன் வொயிட் டவுன்னு சொல்றாங்களே, அது எங்க ஆரம்பிக்குது?

ஊரை வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் ஒன்று வெட்டுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் வரை இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. மேற்கே இருப்பது தமிழர் பகுதி. கிழக்கே நடுவில் பாரதி பூங்கா, அதற்குள் வெள்ளை ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதையைச் சொல்வார்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்த நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது அந்த மண்டபம்.

பூங்காவை ஒட்டியே அருங்காட்சியகம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளையும் இங்கே பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு அரிக்கமேட்டுக்கே போக வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், கீழே சொல்கிறேன்.

மணக்குள விநாயகர் கோயில்ல யானை இருக்கா? பாப்பாவுக்கு ஆசீர்வாதம் வாங்கணும்.

இல்லை. லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்துவிட்டது. அன்று ஊரே தெருவுக்கு வந்து அழுதது.

பிள்ளையாரைப் பார்க்கப் போங்கள், வெள்ளைக்காரன் பட்டணத்துக்கு முன்பிருந்தே உள்ள கோயில். நண்பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பக்கத்துத் தெருவில்தான் ஆசிரமம், காலை 8 முதல் 12 வரை, பிறகு 2 முதல் 6 வரை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். பாப்பாவோடு வருகிறீர்கள் என்றால் ஒருவர் வெளியே நின்று, மாற்றி மாற்றிப் போங்கள். சமாதி அருகே பேச்சும் போட்டோவும் கூடாது.

பீச்சுல குளிக்கலாமா?

காந்தி சிலைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே இருப்பது பாறைக்கரை. 1980-களின் கடைசியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் அணைகள் கட்டினார்கள். கடல் நீரோட்டத்தோடு தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கே தடைபட்டதில், ஊருக்கு முன்னாலிருந்த மணல் கரைந்து போனது. கரையைக் காப்பாற்றக் கொட்டியதுதான் அந்தக் கருங்கற்கள். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியபின் அந்தப் பகுதியில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. உட்காரலாம், இறங்கி விளையாடாதீர்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே இழுக்கும்.

கால் நனைத்தே தீர வேண்டும் என்றால் திரும்பும் வழியில் கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. நல்ல அகலமான மணல். அங்கேயும் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மத்தியானம் போன இடமெல்லாம் பூட்டிக் கெடந்துச்சு. இது என்னக்கா ஊரு?

இதுதான் எங்கள் ஊர். பன்னிரண்டுக்கு ஆசிரமம், பன்னிரண்டரைக்குக் கோயில், ஒரு மணிக்கு அருங்காட்சியகம், அதே நேரத்தில் பழைய கடைகள் பலவும் ஷட்டரை இறக்கிவிடும். ஆசிரமம் இரண்டுக்கே திறந்தாலும், நாலு மணி வாக்கில்தான் ஊர் கண் விழிக்கும். வெளியூர்க்காரர்கள் இதை அறியாமல் காலையைக் கஃபேயில் கழித்துவிட்டு, வெயில் உச்சிக்கு வந்ததும் பார்க்கக் கிளம்புகிறார்கள். அதுதான் நாள் வீணாகக் காரணம், ஊரில் பார்க்க எதுவும் இல்லாதது அல்ல.

ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள், அவசரமில்லாமல். அப்புறம் நிழலில் இருந்தபடி செய்கிற வேலை ஏதாவது: நேரு வீதியின் பெரிய ஜவுளிக் கடைகள் மத்தியானமும் திறந்திருக்கும், ஏ.சி.யும் உண்டு. ரயிலுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டால் ஸ்டேஷன் பக்கம் சுப்பையா சாலையில் இருதய ஆண்டவர் பேராலயம் இருக்கிறது, வண்ணக் கண்ணாடி வழியே வெயில் விழுகிற பிற்பகலில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு சாப்பாடு சாப்பிடணுமா? நம்ம வாய்க்கு ஒத்துவருமா?

கட்டாயமில்லை. கிழக்குப் பக்க ஓட்டல்களில் பாஸ்தா, பீட்சா எல்லாவற்றையும் பிரெஞ்சு என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது உங்கள் ஊரிலும் கிடைக்கும்.

இந்த ஊருக்கென்று ஒரு ருசி இருக்கிறதென்றால் அது மீன் குழம்பில் வடகம் தாளிக்கிற ருசி. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை வடகம். கடலூர், விழுப்புரம் பக்கமும் இதே பழக்கம்தான். குழம்பு இறக்கும்போது கொஞ்சம் உதிர்த்து எண்ணெயில் பொரித்துக் கொட்டினால் தெருமுனை வரை மணக்கும். அண்ணா சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற சின்ன மெஸ்களில் மத்தியானம் மீன் சாப்பாடு கேளுங்கள். சங்கராவோ கொடுவாவோ நெத்திலியோ, அன்று வந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஸ் மீன்தான் தட்டுக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப் படகில் வருகிற சின்ன மீன்தான் நல்லது, பெரிய மீனுக்குக் காசு அதிகம்.

பிரியாணி வேண்டும் என்கிறவர்கள் முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் போங்கள். சைவக்காரர்களுக்கு மிஷன் வீதியில் இலைச் சாப்பாடு உண்டு, ஒரு மணிக்கு முன்னால் போனால் காத்திருக்க வேண்டாம்.

வாய்க்காலுக்கு மேற்கால பார்க்க என்ன இருக்கு? அது சும்மா கடைத்தெருதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். திண்ணையும் அதற்கு முன்னால் தெருவைப் பார்த்த தாழ்வாரமுமாக, வழிப்போக்கனுக்கு நிழல் கொடுக்கிற வீடுகள் இந்தப் பக்கம்தான். வைசியாள் வீதியில் அப்படி ஒரு வரிசையையே பழுது பார்த்து மீட்டதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. கிழக்கே எடுக்கிற போட்டோவில் பாதியை இங்கே எடுக்கலாம்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பிரிட்டிஷ் போலீசுக்கு எட்டாமல் இந்த ஊரில் இருந்தார், அவருடைய பெரிய பாட்டுகள் பலவும் இங்கேதான் பிறந்தன. அங்கிருந்து பெருமாள் கோயில் வீதிக்கு நடந்தால் பாரதிதாசன் வீடு, அதுவும் இப்போது நினைவு இல்லம். பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் கட்டிய வீடு. வெளியிலிருந்து பார்த்தாலே கீழ்தளம் ஒரு பாணி, மேல்தளம் ஒரு பாணி என்று தெரியும். மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற மாதா கோயில். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேர நடை. நாலரைக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

என்ன வாங்கலாம்? எது பாண்டி சரக்கு, எது டெல்லி சரக்குன்னு எப்படித் தெரியும்?

பட்டேல் சாலையில் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-இல் தொடங்கியது. துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்கிற காகிதம், நோட்டு, உறை எல்லாம் அங்கே கிடைக்கும். ஊதுவத்தி, மெழுகுவத்தியும் ஆசிரமம், ஆரோவில் கடைகளில் வாங்கலாம். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. கொலுவுக்கு வாங்குகிறவர்கள் காகிதக்கூழைப் பாருங்கள், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், உடையாது. தோல் பை என்றால் ஹைடிசைன், 1978-இல் இந்த ஊரில் தொடங்கிய கம்பெனி.

கடற்கரையில் விற்கிற சிப்பி மாலையும் பெயர் எழுதிய அரிசியும் எந்தக் கடற்கரையிலும் கிடைக்கும். ஊதுவத்தி, காகிதக் கடைகளில் விலை ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. தெருக்கடையில் தாராளமாகப் பேசலாம்.

பாண்டியில வரி கம்மி, டிவி செல்போன் எல்லாம் மலிவுன்னு மாமா சொல்றாரே?

மாமா சொல்வது பழைய காலம். அப்போது உண்மைதான், டிவியும் ஃபிரிட்ஜும் வாங்கவே கடலூரிலிருந்து வண்டி பிடித்து வருவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் துணி, நகை, செல்போன் எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க ஒரே வரி. ஜிஎஸ்டிக்குள் வராத பெட்ரோல் இங்கே கொஞ்சம் குறைவு, காரில் வந்தால் டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள்.

சண்டே மார்க்கெட் எத்தனை மணிக்கு?

காந்தி வீதி நெடுக, காலையில் கடை விரிப்பார்கள், சாயங்காலம்தான் களைகட்டும். சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் இருக்கும். சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள்.

அண்ணன் கேட்கச் சொன்னாரு... ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போலாமா?

அண்ணனே போன் போட்டுக் கேட்கலாம். மேலே சொன்ன பெட்ரோல் மாதிரி மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே, புதுச்சேரி வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. இங்கே பாரில் உட்கார்ந்து குடிப்பது அவர் பாடு. எல்லை தாண்டி எடுத்துப்போனால் தமிழ்நாட்டில் அது கடத்தல் கணக்கு. கடலூர் ஆல்பேட்டையிலும் மற்ற வழிகளிலும் சோதனைச்சாவடி உண்டு, பஸ்ஸிலும் ஏறிப் பையைப் பார்ப்பார்கள். காரில் பிடிபட்டால் காரும் போய்விடும். கடற்கரையில் பாட்டிலைத் திறப்பதும் வேண்டாம், சிவப்புத் தொப்பிப் போலீஸ் போட்டோ எடுக்க மட்டும் நிற்கவில்லை.

எக்கா, ஆரோவில்ல அந்தத் தங்க உருண்டைக்குள்ள போகணும்னு பிள்ளைய கேக்குதுவ. ஒரே நாள்ல முடியுமா?

உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், வந்த அன்றே விடமாட்டார்கள். மாத்ரிமந்திர் என்கிற அந்த உருண்டையை வெளியிலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் போல நடை. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வருவதையும் சேர்த்தால் அரை நாள். பிள்ளைகள் பார்க்கப்போவது தூரத்து உருண்டையைத்தான் என்று முதலிலேயே சொல்லி அழைத்துப்போங்கள். போவதானால் காலையிலேயே போய்விட்டு, சாயங்காலத்தை ஊருக்கு வையுங்கள். மேற்குப் பக்க நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அரிக்கமேடு? கீழே சொல்றேன்னு சொன்னீங்களே.

சங்ககாலத் துறைமுகம், 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டினார், ரோமாபுரி வணிகம் நடந்த இடம். இவ்வளவும் தெரிந்து ஆர்வத்தோடு போகிறவருக்கு ஆற்றோர மாந்தோப்பும் பழைய செங்கல் சுவரும் போதும். குடும்பத்தோடு போனால், "இதுக்கா வந்தோம்" என்பார்கள். கிடைத்த பொருளெல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அம்மாவுக்கு முட்டி வலி. இவ்வளவு நடக்க முடியாதே?

ஆட்டோவில் மீட்டர் போடமாட்டார்கள், ஏறும்முன் பேசி முடியுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மணக்குள விநாயகர் கோயில், அங்கிருந்து சாப்பாடு, சாயங்காலம் கடற்கரை, இந்த மூன்று சவாரி போதும் அம்மாவுக்கு. கடற்கரையில் உட்காரத் திண்டு உண்டு. ஆறுக்கு மேல் ஆட்டோ கடற்கரைச் சாலைக்குள் வராது, முந்தைய தெருவிலேயே இறக்கிவிடும். அஞ்சே முக்காலுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுங்கள்.

வாடகை ஸ்கூட்டர் எடுக்கிற பிள்ளைகளுக்கு: லைசென்ஸ், ஹெல்மெட் இரண்டும் வேண்டும். ஒருவழித் தெருக்கள் நிறைய, கூகுளைவிட முனையில் இருக்கிற பலகையை நம்புங்கள்.

டிசம்பர்ல டிக்கெட் போட்டாச்சு. மழை வருமா?

வரலாம். வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சாதாரண மழை என்றால் குடையோடு வாருங்கள், வெயிலில் நடப்பதைவிட மேல். புயல் எச்சரிக்கை என்றால் டிக்கெட் காசைப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தா திட்டுறாங்களாமே?

மஞ்சள் சுவருக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவில் நின்று ஒன்றிரண்டு எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வாசல்படியில் ஏறி உட்கார்ந்து, நாலு உடுப்பு மாற்றிக் கல்யாண ஆல்பம் எடுத்தால் நானும்தான் திட்டுவேன்.

திரும்பிப் போக எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் இரவு வரை பஸ் இருக்கும், பதறவேண்டாம். ஞாயிறு சாயங்காலம் சென்னை பஸ்தான் பாடு. அஞ்சு மணியிலிருந்து ஸ்டாண்டில் கூட்டம் அலைமோதும். ஒன்று முன்பதிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் கடற்கரையில் சுண்டல் தின்று எட்டு, எட்டரைக்கு மேல் வாருங்கள். அதற்குள் கூட்டம் கொஞ்சம் வடிந்திருக்கும், உட்கார சீட் கிடைக்கும்.